பச்சை டீச்சரின் தண்ணீர் பாட்டில்

அந்த வீட்டு வாசலில் நின்ற செம்பருத்தியின் மேல் தெருவில் எல்லோருக்கும் ஒரு கண். பழைய பெயின்ட் வாளியில் வைத்த செடி. வாளியின் அடியைப் பிளந்துகொண்டு வேர் தரைக்குள் இறங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கோடையில் மற்ற வீட்டுச் செடிகளெல்லாம் தலை தொங்கிப்போய் நிற்கும்போதும் அது மட்டும் வஞ்சகமில்லாமல் பூக்கும். மாடி வீட்டு அக்கா இரண்டு தடவை கொம்பு வெட்டிக்கொண்டு போய் நட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் கருகிப்போயிற்று.

“சார், மறைக்காம சொல்லுங்க. என்ன உரம் போடுறீங்க?”

“உரமா? எங்க வீட்டம்மா ஸ்கூலுக்குக் கொண்டுபோற பாட்டில் தண்ணிதான்க்கா. வேற ஒண்ணும் கிடையாது,” என்பார் கணக்கு சார். சொல்லும்போது முகத்தில் பெருமை தெரியும்.

அவர் சொன்னது உண்மைதான். அவருடைய மனைவி சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், தோள்பையிலிருந்து அந்த எவர்சில்வர் பாட்டிலை எடுப்பாள். மூடியைத் திருகி, செடியின் வேரைச் சுற்றி மெதுவாக ஊற்றுவாள். கடைசிச் சொட்டுக்காக பாட்டிலின் பின்புறத்தைத் தட்டுவாள். பிறகு நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். திரும்பி வந்து அடுப்படியில் நின்றபடியே இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்பாள்.

மிச்சத் தண்ணீரைக்கூட வீணாக்காத மனைவியைப் பற்றிக் கணக்கு சார் தன் வகுப்பில் பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். ஊரின் மறுபக்கத்தில் ஆண்கள் பள்ளியில் அவருக்கு வேலை. ஒரு குழாய் நிரப்ப, இன்னொரு குழாய் காலி செய்ய, தொட்டி எப்போது நிறையும் என்ற கணக்கை வருஷம் தவறாமல் கரும்பலகையில் போட்டவர். ஆனால் காலையில் தன் கையால் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயங்காலமும் நிறைந்தபடியே எப்படித் திரும்பி வருகிறது என்ற கணக்கை மட்டும் அவர் போட்டுப் பார்த்ததே இல்லை.

மனைவி போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு, அவளுடைய பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார்.

“சார், நம்ம மழைநீர்த் தொட்டிக்கு டீச்சர் பேரை வைக்கலாம்னு எல்லாரும் ஆசைப்படுறாங்க. கல்வெட்டு ரெடி. நீங்கதான் வந்து திறந்து வைக்கணும். ரெண்டு வார்த்தை பேசுங்க.”

“யோசிச்சுச் சொல்றேன் மேடம்.”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?”

இருந்தது. சிறுநீரகம் இரண்டும் காய்ந்த விதைபோலச் சுருங்கிச் செத்துப்போனவளின் பெயரை அந்தத் தொட்டியின் மேல் பார்க்க அவரால் முடியாது. அவள் பெயரால் ஏதாவது செய்வதென்றால் அந்தப் பள்ளியில் செய்ய வேண்டியது வேறொன்று. அதை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

*

அவளுக்குப் பள்ளியில் பச்சை டீச்சர் என்று பெயர். அறிவியல் டீச்சர் என்று சொன்னால் யாரென்று கேட்பார்கள், பச்சை டீச்சர் என்றால் வாட்ச்மேன்கூட மாடியைக் கை காட்டுவார். பெயர் வைத்தது வரலாறு டீச்சர். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

ஒரு பக்கம் எழுதின தாளை யாராவது கசக்கினால் அவளுக்குத் தாங்காது. கசக்கினதை வாங்கி, தொடைமேல் வைத்து நீவி, மறுபக்கத்தில் பரீட்சை வைப்பாள். ஆளில்லாத வகுப்பில் மின்விசிறி ஓடினால் பாடத்தை நிறுத்திவிட்டுப் போய் அணைத்துவிட்டு வருவாள். ஆசிரியர் அறையில் யாராவது பிளாஸ்டிக் கப்பில் டீ வாங்கி வைத்திருந்தால், “பச்சை வருது, பச்சை வருது, கப்பை மறை” என்று வரலாறு டீச்சர் வாசலிலிருந்தே சிக்னல் கொடுப்பார். அதற்குள் அவள் உள்ளே வந்துவிடுவாள்.

“மறைச்சா மண்ணுக்குத் தெரியாதா?”

“மண்ணு வந்து உன்கிட்ட கோள் சொல்லுச்சா? டீயைக் குடிக்க விடுடி.”

இத்தனை கண்டிப்புக்கும் பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டாந்தரையாகக் கிடந்த மைதானத்தின் ஓரம் முழுக்க வேம்பும் புங்கையும் வந்தது அவளால்தான். மாடியில் ஆய்வகத்துக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் தாள், பேனா மூடி, தீர்ந்த ரீஃபில், பால் கவர் எல்லாவற்றையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் பிரித்துப் போட்டு, மறுசுழற்சிக்காரர் வருகிற நாளுக்குக் காத்திருப்பாள்.

அந்தப் பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்குக் கழிப்பறை ஒன்று இருந்தது. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மைதானத்தைக் கடந்து, சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது. பிள்ளைகள் உள்ளே புகுந்து பாழாக்குகிறார்கள் என்று பூட்டு. சாவி அலுவலகத்தில், கிளார்க்கின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தொலைந்துபோகாமல் இருக்க அந்தச் சாவியை உடைந்த மர ஸ்கேல் ஒன்றில் கட்டி வைத்திருந்தார்கள். ஆக, போக வேண்டிய டீச்சர் மாடியிலிருந்து இறங்கி, ஆண்கள் நிறைந்த அலுவலகத்துக்குள் போய், “சார், சாவி” என்று கேட்டு, கையில் அரை ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, டிரில் பீரியட் பையன்கள் முன்னால் மைதானம் முழுக்க நடக்க வேண்டும். “கொடி பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போற மாதிரி” என்பார் வரலாறு டீச்சர். போய்ச் சேர்ந்தால் குழாயில் தண்ணீர் இருக்காது. திரும்பி வருவதற்குள் அடுத்த வகுப்பு பாதி ஓடியிருக்கும், உள்ளே யாராவது யார் மண்டையையாவது உடைத்திருப்பான். ஆண் ஆசிரியர்களுக்கு மாடிப்படிக்குக் கீழேயே ஒரு தடுப்பு இருந்தது.

அதனால் அங்கே வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் போய்விட வேண்டும். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் ஆபத்து. புதிதாகச் சேர்கிற டீச்சருக்குக் கால அட்டவணையைக் கையில் கொடுக்கும்போதே மூத்தவர்கள் இதையும் காதில் போட்டுவிடுவார்கள். பாட்டில் எல்லோரிடமும் இருக்கும், மேசைமேல் வரிசையாக நிற்கும்.

“நம்ம பாட்டிலெல்லாம் அழகுக்குடி,” என்பார் வரலாறு டீச்சர். “நம்ம கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி செட்டு மாதிரி. உடையாம வச்சுக்கணும், அவ்வளவுதான்.”

இதெல்லாம் கணக்கு சாருக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, அவர் கேட்கவில்லை. அவர் பள்ளியில் எல்லோரும் ஆண்கள். நினைத்தபோது எழுந்து போய் வருகிறவருக்கு, எழுந்து போக முடியாத வேலையும் உலகத்தில் இருக்கும் என்று தோன்றவில்லை.

*

ஒரு கோடையில், காலை வரிசையில் நின்ற ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அவள் தொடவே இல்லை, விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டுத் தண்ணீர் புகட்டிய பச்சை டீச்சர் அடுத்த வாரமே தலைமையாசிரியையிடம் ஒரு யோசனையோடு போனாள். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மதியம் ஒன்று என்று தனியாக மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் பாடம் எதுவானாலும் நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் மணி என்று பெயர்.

அது பிடித்துக்கொண்டது. கணக்கு சார் அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுபோனார். மணி அடித்ததும் பையன்களோடு சேர்ந்து அவரும் மடக் மடக்கென்று குடித்தார்.

பச்சை டீச்சரும் தன் வகுப்பில் மணி அடித்ததும் பாட்டிலைத் தூக்குவாள். டீச்சர் தூக்கினால்தான் பிள்ளைகள் தூக்கும். மூடியைத் திறந்து, தலையை நிமிர்த்தி, பாட்டிலை உதட்டில் சாய்ப்பாள். உதடு மூடியபடியே இருக்கும். பிறகு பாட்டிலை இறக்கி, புறங்கையால் வாயைத் துடைத்து, “ஆ, குளுகுளுன்னு இருக்கு” என்பாள். பிள்ளைகளும் வாயைத் துடைத்து, “ஆ” என்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவள் சிரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

“என்னங்க, இன்னைக்கு முன் பெஞ்சு வாண்டு ஒண்ணு என்னைக் கையும் களவுமா பிடிச்சிருச்சு. ‘டீச்சர், நீங்க குடிக்கும்போது உங்க தொண்டை அசையவே மாட்டேங்குது’ங்குது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ‘நீ முதல்ல உன் பாட்டிலைக் குடிச்சு முடி’ன்னு அதட்டி உட்கார வச்சேன்.”

கணக்கு சார் வாய்விட்டுச் சிரித்தார். “உன் ஸ்டூடன்ட் ஆச்சே. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுல்ல பார்க்கும்.” அவளும் சிரித்தாள். தொண்டை ஏன் அசையவில்லை என்று அவர் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். மறைக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. அவர் டீயை வாங்கிக்கொண்டு பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் அந்தச் சாயங்காலத்தை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் அதே இடத்தில் சிரிப்பார். அவரால் அதை மாற்ற முடியாது.

மதியம் ஆனால் அவளுக்குத் தலைவலி வரும். நெற்றிப்பொட்டில் தொடங்கிப் பிடரிக்கு இறங்கும். வெயில், பிள்ளைகள் சத்தம், சாக்பீஸ் தூசு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் கேட்கும். மளிகை வாங்கப் போகிற கணக்கு சார் சோப்பு, தீப்பெட்டியோடு சேர்த்து அந்த மாத்திரையிலும் நாலு அட்டை வாங்கி வந்துவிடுவார். அவளாகச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த மாதிரி புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மாத்திரையை அவள் தண்ணீர் இல்லாமல், எச்சிலைக் கூட்டி விழுங்குவாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவ்வப்போது குளிர் காய்ச்சல் வரும், அடிவயிற்றில் கடுக்கும், நீர் பிரியும்போது எரியும். உடம்புச் சூடு என்பாள். டாக்டர் ஒரு வாரத்துக்கு மருந்து எழுதினால் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவாள். பரீட்சை நேரம், விடுப்பு எடுக்க முடியாது. பரீட்சை நேரம் இல்லாத மாதம் எது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியாது.

*

பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி, பள்ளிக்கு ஏதாவது கட்டித் தருகிறோம் என்று வந்தார்கள். தலைமையாசிரியை எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்ன வேண்டும் என்று கேட்டதும் வரலாறு டீச்சர்தான் முதலில் எழுந்தார். ஆண்கள் இருக்கிறார்களே என்று பார்க்கவில்லை.

“லேடி ஸ்டாஃபுக்கு வகுப்பறைப் பக்கத்துலயே ஒரு டாய்லெட் வேணும் மேடம். எத்தனை வருஷம் அந்த ஸ்கேலைத் தூக்கிட்டு நடக்கிறது?”

சிலர் சிரித்தார்கள். பெண்கள் குனிந்துகொண்டார்கள். தலைமையாசிரியை, “வேற யோசனை?” என்றார். பச்சை டீச்சர் எழுந்தாள். ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக் கிணறு வற்றிப்போகிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் மணி அடித்துவிட்டுத் தண்ணீர் இல்லையென்றால் எப்படி, மொட்டைமாடியில் விழுகிற மழையெல்லாம் சாக்கடைக்குத்தான் போகிறது, ஒரு தொட்டி கட்டினால் மரங்களும் பிழைக்கும் என்றாள். கணக்கு, படம் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கடைசியாக, “நம்ம கஷ்டத்தை நம்ம எப்படியோ சமாளிச்சுக்கறோம். பிள்ளைங்க முதல்ல,” என்றாள்.

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும். கை தட்டினார்கள். வெளியே வந்ததும் வரலாறு டீச்சர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நல்லவ பேரு வாங்கிட்டே. இப்ப திருப்தியா?”

“அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்டி.”

“மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்து. நீ மட்டும் காஞ்சு போ.”

கோபத்தில் சொன்னதுதான். மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஆனால் வரலாறு டீச்சர் அந்த வார்த்தையை அதன்பின் மறக்கவே இல்லை.

கூட்டம் முடிந்த அன்றைக்கு வீட்டில் கணக்கு சார் முழுக் கதையையும் கேட்டார். கழிப்பறைப் பேச்சையும் கேட்டார். “நல்லா பேசியிருக்கே. வேற யாருக்கும் இந்த மனசு வராது,” என்று மனைவியைப் பாராட்டினார்.

தொட்டி வந்தது. கிணறு வற்றுவது நின்றது. அதைப் பார்க்க வேறு பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்து போனார்கள்.

*

பாதம் வீங்க ஆரம்பித்தபோது நின்றுகொண்டே பாடம் நடத்துகிற வேலைதானே என்று விட்டுவிட்டார்கள். முகமும் வீங்கிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர். ரத்தம் பார்த்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

பதில் சொன்னது கணக்கு சார். “நல்லா குடிப்பா டாக்டர். பாட்டில் இல்லாம ஸ்கூலுக்குப் போகவே மாட்டா. அவதான் ஸ்கூல்ல தண்ணீர் மணியே கொண்டுவந்தது.”

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“ஸ்கூல்ல குடிக்க மாட்டேன் டாக்டர்.”

“எத்தனை வருஷமா?”

“வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து.”

“தலைவலி மாத்திரை?”

“அது தினம்.”

ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது. கணக்கு சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ முன்பின் தெரியாதவளின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். டாக்டர் யாரையும் திட்டவில்லை. “தண்ணியும் குடிக்காம, வலி மாத்திரையும் தினம் போட்டா கிட்னி தாங்காது. என்கிட்ட வர்ற டீச்சர் நிறையப் பேரு இதையேதான் சொல்றாங்க. நீங்க ரொம்ப லேட்டா வந்துட்டீங்க,” என்றார்.

அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் தண்ணீர் தங்கி மூச்சை அடைக்கும் என்பதால், குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு சின்னச் செம்பு. காபி, மாத்திரை, சாதத்தில் ஊற்றுகிற ரசம்வரை எல்லாம் அந்தச் செம்புக்குள் அடக்கம். இத்தனை வருஷம் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தவளுக்கு, இப்போது தண்ணீர் தவிர வேறு நினைப்பே இல்லை. உதட்டை நனைத்துக்கொள்ள ஈரத்துணி ஒன்று தலைமாட்டில் இருந்தது.

அவள் பார்க்கக் குடிப்பது பாவம் என்று கணக்கு சார் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் ஏந்திக் குடிப்பார். ஒருநாள் அவள் கூப்பிட்டாள்.

“என்னங்க, ஏன் திருடன் மாதிரி உள்ள போய்க் குடிக்கிறீங்க? இங்க வந்து குடிங்க. நான் பார்க்கிறேன்.”

“வேண்டாம்மா.”

“சும்மா குடிங்க. சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கறேன்.”

அவர் ஒரு டம்ளர் எடுத்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்து குடித்தார். அவள் கண் அவர் தொண்டையிலேயே இருந்தது. குடித்து முடித்ததும், “அந்த வாண்டு சரியாத்தான் பார்த்திருக்கு,” என்றாள். “குடிச்சா நல்லா அசையுது. பாவம், அதைப் போய் அதட்டிட்டேன்.”

அவர் டம்ளரைக் கழுவி வைக்க எழுந்து போனார்.

இரண்டு வருஷம் இருந்தாள். போவதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட, செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டாள்.

*

தலைமையாசிரியை போன் செய்த மறுநாள் கணக்கு சார் மகளிடம் பேசினார். மகள் வேறொரு ஊரில் வேலை பார்க்கிறாள்.

“தொட்டிக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன். அவ பேர்ல ஒரு டாய்லெட் கட்டச் சொல்லப் போறேன்.”

“அப்பா, அம்மா பேரைக் கக்கூஸ் வாசல்லயா எழுதி வைக்கப் போறீங்க?”

“ஏன், எழுதினா என்ன?”

“பசங்க என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா? ‘டீச்சருக்குப் போயிட்டு வரேன்’னு சொல்லுவாங்கப்பா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதாள். “அம்மா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க,” என்றாள். “கட்டச் சொல்லுங்கப்பா. பேர் மட்டும் வேண்டாம்.”

அவர் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை அறையில் வரலாறு டீச்சரும் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், டாய்லெட்டுக்கா டீச்சர் பேரு?”

“பேர் வேண்டாம் மேடம். டாய்லெட் போதும்.”

“நான் மாட்டேன்னு சொல்லல. மாடியில இடம் எங்க இருக்கு? தண்ணி லைன் இழுக்கணும், கழிவு லைன் இழுக்கணும்...”

“நானும் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கினவதானே சார்,” என்று பிறகு தலைமையாசிரியையே தணிந்த குரலில் சொன்னார். அவர் மேசையிலும் ஒரு பாட்டில் இருந்தது. கழுத்துவரை தண்ணீர்.

வரலாறு டீச்சர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “லேப் பக்கத்துல அவ ஸ்டோர் ரூம் இருக்கே மேடம்,” என்றார். “லேப் சிங்க்குக்கு வர்ற தண்ணி அந்தச் சுவர் வழியாத்தான் வருது. கழிவுக் குழாயும் அதுக்கு வெளியிலதான் இறங்குது.”

அந்த அறை எல்லோரும் தினமும் தாண்டிப் போகிற அறை. அவளுடைய வகுப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். பழைய தாளும் பேனா மூடியும் அடைந்து கிடந்ததால், அதில் வேறு எதுவும் வரக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை கணக்கு சாரும் வரலாறு டீச்சரும் அறையைக் காலி செய்தார்கள். அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவளுடைய கரும்பலகை எழுத்தில், குண்டு குண்டாக, மக்குபவை, மக்காதவை என்று இருந்தது. ரீஃபில் ஒரு பெட்டி, மூடி ஒரு பெட்டி, பால் கவர் கழுவி மடித்து ஒரு பெட்டி. மூலையில் இருந்த ஒன்றை இறக்கும்போது உள்ளே சலசலவென்றது. கனமே இல்லை.

கணக்கு சார் திறந்து பார்த்தார். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றும் நேராக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தது. அலுமினியத் தகட்டைத் தனியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரே பச்சை எழுத்து, ஒரே மாத்திரை. சோப்பு, தீப்பெட்டியோடு அவர் வாங்கி வந்தது.

“இதைத் தினம் பார்த்தேன் அண்ணா,” என்றார் வரலாறு டீச்சர். “அவ அட்டையை நீவி உள்ள போடும்போது பக்கத்துல நிப்பேன். ‘இதைக்கூட விட மாட்டியா கஞ்சப் பிசுனாரி’ன்னு கேலி பண்ணுவேன். இத்தனை ஆச்சேன்னு எனக்கும் தோணல, அவளுக்கும் தோணல. எவ்வளவு சுத்தமா பிரிச்சு வச்சிருக்கான்னுதான் பார்த்தோம்.”

கணக்கு சார் பெட்டியை மூடி, மற்ற பெட்டிகளோடு சேர்த்து, மறுசுழற்சி வண்டியில் தன் கையாலேயே ஏற்றினார். அவள் அதற்காகத்தான் வைத்திருந்தாள்.

*

வேலை கோடை விடுமுறைக்குள் முடிந்துவிட்டது. ஒரு சின்ன அறை, ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள், இரண்டு குழாய். பூட்டு வேண்டாம் என்று கணக்கு சார் கேட்டுக்கொண்டார், போடவில்லை. மர ஸ்கேல் இன்னும் அலுவலக ஆணியில்தான் தொங்குகிறது என்றும், அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை என்றும் கேள்விப்பட்டார். தொட்டிக்கு அவள் பெயரையே வைத்தார்கள். அவர் தடுக்கவில்லை. துணியை விலக்கி, ரெண்டு வார்த்தையாக “நன்றி, வணக்கம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பள்ளி திறந்த முதல் வாரம் வரலாறு டீச்சர் போன் செய்தார்.

“அண்ணா, இன்னைக்குத் தண்ணீர் மணி அடிச்சப்போ நானும் குடிச்சேன். முழுசா. ஸ்கூல்ல தண்ணியோட ருசி எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“எப்படி இருந்துச்சும்மா?”

“நல்லா இருந்துச்சு. அவ தொட்டித் தண்ணிதான்.” கொஞ்சம் நிறுத்தி, “இவ்வளவு சின்ன வேலை அண்ணா. நாலு பெட்டியை நகர்த்தியிருந்தா போதும்,” என்றார்.

கணக்கு சார் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வெயில் இறங்கியிருந்தது. குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்துச் செம்பருத்திக்கு ஊற்றினார். நினைவு வரும்போது ஊற்றுவதுதான், தினமும் கிடையாது. உச்சிக் கொம்பில் ஒற்றைப் பூ இருந்தது. இலைகள் ஓரம் பழுத்திருந்தன.

துணி எடுக்க வந்த மாடி வீட்டு அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், பூவெல்லாம் குறைஞ்சு போச்சே. எப்படிப் பூத்த செடி.”

“குறையட்டும்க்கா,” என்றார் கணக்கு சார். “பரவாயில்லை.”